கொக்கி போடாத கதவு

சபையார் எழுந்து நிற்கையில் நானும் எழுந்து நிற்பேன்.
முதல் வரிக்கு உதடு மட்டும் அசையும், சத்தம் வராது.
'நாமம்' என்கிற இடத்தில் வந்து சேர்ந்துகொள்வேன்,
நகர்கிற டவுன் பஸ்ஸின் பின்படியில் தொற்றுகிற மாதிரி.
முப்பத்தோரு வருஷமாய்
பக்கத்தில் நிற்கும் ரெஜினா அக்காவுக்குக்கூடத் தெரியாது.

பிதா என்றால் எனக்கு ஏசையா.
கட்டிங் மாஸ்டர்.
லூதியானாவில் கூலி அதிகமென்று போனவர்.
மூன்று மணியார்டர் வந்தது. பிறகு ஒரு பார்சல்:
மெரூன் நிறத்தில் கம்பளிச் சட்டை,
சித்திரை மாதத்தில்,
திருப்பூருக்கு.
அப்புறம் அதுவும் இல்லை.

ஜம்முவிலிருந்து வாரம் ஒரு வண்டி வரும்.
நடைபாலத்துக் கம்பியில் தாடையை வைத்து
இறங்குகிற தலைகளைப் பார்ப்பேன்.
நரைத்த தலை, முக்காட்டுத் தலை, மொட்டைத் தலை.
இரவு அம்மா தூங்கினதும் எழுந்து
கதவின் கொக்கியை எடுத்துவிட்டுப் படுப்பேன்.
விடியுமுன் அம்மா எழுந்து, ஒன்றும் கேட்காமல், மாட்டிவிடுவாள்.
எட்டு வயதில் தொடங்கியது.
அம்மா போய், லைன் வீட்டுக்குத் தனியாய் வந்தும் கை மாறவில்லை.
இத்தனை வருஷம் ஒரு திருடன்கூட நுழையாதது
உம்முடைய கிருபைதான்,
அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆயர் அந்தக் கதையை எடுத்தாலே எனக்குக் கோபம் வரும்.
பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு மகன் போனானாம்,
தகப்பன் வழி பார்த்து நின்றாராம்.
எங்கள் வீட்டில் தூர தேசம் போனது தகப்பனுங்க.
வழி பார்த்தது நான்.
உம்மையும் அந்த மெரூன் சட்டைக்குள் திணித்துப் பார்த்தேன்.
தலையே நுழையவில்லை.
அளவு தவறு என்று சிவப்பு அம்பு ஒட்டி
ஓரமாய் எடுத்து வைத்துவிட்டேன்.
செக்கிங் டேபிளில் ஒரு நாளைக்கு
எத்தனை பனியனுக்கு ஒட்டுகிறேன்,
அதில் இது ஒன்று.

போன வியாழக்கிழமை ஒன்றரை ஷிப்ட்.
வெளியே நல்ல மழை.
கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள்,
உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு,
டிவிஎஸ் வண்டியின் கைப்பிடியில் தாடையை ஊன்றி
நின்றிருந்தார்.
"உள்ள இன்னும் புள்ளைங்க இருக்குதுங்களா?"
இருக்குதுங்க, பீஸ் எண்ணிக்கிட்டு இருக்காங்க.
"அஞ்சரைக்கே வந்துட்டனுங்க.
இன்னைக்கு ஒன்றரைன்னு அவ சொல்லலை."
மூன்றேகால் மணி நேரம்.
குற்றம் சொல்கிற குரலில்லை, மணி சொல்கிற குரல்.

அயர்ன் செக்‌ஷன் பெண் ஓடி வந்தாள்.
அவர் துண்டை எடுத்து, தன் முகத்தை விட்டுவிட்டு,
பின்சீட்டைத் துடைத்தார்.
"ஏறு சாமி."

எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.
பிறந்ததிலிருந்து கேட்கிற சொல்,
என்னை யாரும் கூப்பிடாத சொல்.
மழையில் நின்றபடி
அன்றைக்குத்தான் அதைத் திருப்பிப் பார்த்தேன்,
பனியனைத் திருப்பி உள்தையலைப் பார்ப்பதுபோல.
நாங்கள் சாமி என்று கூப்பிடுகிற நீர்
எங்களை என்னவென்று கூப்பிடுகிறீர்?

அப்புறம் அந்தத் தாடை.
கம்பியில் ஊன்றிய தாடையை எனக்குத் தெரியும்.
ஏசையா ஒருநாளும் அப்படி நின்றதில்லை.
நான் நின்றிருக்கிறேன், பாலத்தின் மேல், வாரந்தோறும்.
ஆண்டவரே,
அப்போது எனக்குப் பக்கத்துக் கம்பியில்
சாய்ந்து நின்றது யார்?
நான் வடக்கிலிருந்து வருகிற வண்டியைப் பார்த்தேன்.
நீர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்?

ஞாயிற்றுக்கிழமை முதல் வரியில் வாயைத் திறந்தேன்.
'பி' வரைக்கும் வந்தது.
தொண்டை அடைத்து, இருமலாகிவிட்டது.
ரெஜினா அக்கா ஒரு ஹால்ஸ் மிட்டாய் கொடுத்தாள்.
மீதி எழுத்துக்கு அவசரமில்லை,
மூன்றேகால் மணி நேரம் நிற்கத் தெரிந்தவர் நீர்.

ஏசையாவுக்கு இப்போது எழுபது இருக்கும்,
இருந்தால்.
அவருக்கும் குளிரும்.
அதையும் உம்மிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்றிரவு கொக்கியை மாட்டிவிட்டுப் படுத்தேன்.
கொஞ்ச நேரம் கை அரித்தது.
வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது.
உள்ளே ஆள் இருக்கிற வீட்டில்
தூங்குவதுபோலத் தூங்கிவிட்டேன்.